மூன்றாவது வண்டி

அன்புள்ள அண்ணா,

டிசம்பர் 3 அன்று எங்கள் கம்பெனி வடசென்னையில் மூன்று சக்கர வண்டிகள் கொடுக்கிறது. மேடையில் நான் பேச வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குக் கம்பெனிகள் உதவிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? ‘இலவசம் எதற்கு’ என்பவர்களுக்கு என்ன பதில்?
– பிரபு, கொருக்குப்பேட்டை

அன்புள்ள பிரபு,

போன வாரம்தான் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அண்ணன் ஒருத்தருக்கு வண்டி வந்தது. அவருக்கு இது மூன்றாவது. அதிலிருந்து இதே நினைப்பு, நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

வரலாறுதானே? அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு நூறு வருஷத்துக்கு முன்பே தன் ஆலையின் 7,882 வேலைகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி, 670 வேலையை இரண்டு காலும் இல்லாதவர் செய்யலாம், 2,637 வேலையை ஒற்றைக்கால் உள்ளவர் செய்யலாம் என்று கணக்கு எழுதிவைத்தார். தொழிற்சங்கம் என்றால் அடியாட்களை ஏவிய ஆள்தான், புண்ணியவான் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்டார். இங்கே எந்தக் கம்பெனியாவது போட்டிருக்கிறதா, உங்கள் கம்பெனியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அண்ணனுக்குப் போலியோ. மோட்டார் காயில் கட்டுவதில் கில்லாடி. வண்டியின் முதுகுப் பலகையில் அவர் தலைக்கும் மேலே கம்பெனி பெயர். வாசல்படியில் ஏறாது என்பதால் ராத்திரி கரண்ட் கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுகிறார். கொடுத்தவர்களிடமே வேலை கேட்டிருக்கிறார். “உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்” என்றார்களாம்!

2014 ஏப்ரலில் இருந்து, 5 கோடி நிகர லாபம் தொட்ட கம்பெனிகளும் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். சொந்த ஊழியருக்குச் செய்வது அதில் சேராது. அதாவது அண்ணனுக்கு வண்டி கொடுத்தால் கணக்கில் ஏறும், அவரையே வேலைக்கு எடுத்து அவருக்காகக் கழிப்பறைக் கதவை அகலமாக்கினால் ஏறாது. விதி நியாயம்தான், இல்லாவிட்டால் தீபாவளி போனஸைக்கூட சேவை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த 2 சதவீதத்தோடு கடமை முடிந்தது என்று கைகழுவுகிறீர்களே, மீதி 98ஐப் பற்றி யார் பேசுவது? ஒரு ரேம்ப், அகலமான ஒரு கதவு, மாசம் ஒரு சம்பளம், இதெல்லாம் அந்த 98இல் இருந்துதான் வர வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. தனியாருக்கு 5 சதவீதம் என்பது ஊக்கச் சலுகையோடு நிற்கிறது, கட்டாயமில்லை.

இலவசம் பற்றிக் கேட்பவர்களை விடுங்கள், பேசட்டும்.

வண்டி கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி, தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன்னால், அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி தனியார் நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். உங்கள் எச்.ஆரிடம் போய் அதைக் கேளுங்கள். யார் யாரைக் கைகாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.