க்ரூஸர் வண்டிக்கு உயரமான ஹேண்டில்பாரை நாமே மாட்ட முடியுமா?

முடியும். என் வீட்டு வாசலில் வைத்து நானே மாட்டியிருக்கிறேன். ஆனால் புதிய கேபிள்களுக்குப் பணம் கொடுக்கும் முன் நீளத்தை அளந்துவிடுங்கள். பாரைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அதோடு சேர்ந்து வரும் கேபிள், பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்), ஒயர் ஆகியவற்றுக்குத்தான் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

நீங்கள் வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. என்னுடையது ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350, கார்புரேட்டர் வைத்த, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டி. எனக்கு உயரம் ஆறடிக்கு மேல். நூறு கிலோமீட்டர் தாண்டினால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் வலிக்கும். அதற்காகப் பழையதைவிட 4 அங்குலம் உயரமான பாரை எடுத்தேன். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து பிடிக்கும்போது முஷ்டி தோளுக்குக் கீழேயே இருக்க வேண்டும். தோளுக்கு மேலே போனால் பார்க்க மிடுக்காக இருக்கும், அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது.

வாங்கும்போது குழாயின் விட்டத்தைப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், அதாவது முக்காலே அரைக்கால் அங்குலம். ஹார்லி வண்டிகளின் பார் ஒரு அங்குலம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் கிளாம்ப் கவ்வும் இடத்தில் சொரசொரப்பாகக் கோடு போட்டிருக்க வேண்டும். அங்கே வழுவழுப்பாக இருக்கும் பாரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது பார் சுழன்று உங்கள் மடியில் வந்து விழும்.

இனி அளவு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, டேங்கின் மேல் கனமான போர்வையைப் போட்டு மூடுங்கள். பழைய பாரிலிருந்து லீவர், சுவிட்ச், மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் லீவரோடு சேர்ந்த, பிரேக் ஆயில் கிண்ணம் உள்ள பகுதி) எல்லாவற்றையும் கழற்றி, கேபிள் மடங்காமல் தொங்கவிட்டுப் புதிய பாரைக் கிளாம்பில் லேசாக இறுக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரை மட்டும் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. பிறகு ஒரு தடித்த மின்சார ஒயரை எடுத்துக்கொண்டு, கிளட்ச் லீவர் வரப்போகும் இடத்திலிருந்து இன்ஜின் வரை, கேபிள் போகிற அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். நூலோ சணலோ வேண்டாம், அது வளைவில் குறுக்கு வழியில் போய்விடும். பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, எந்தப் பக்கம் ஒயர் அதிகமாகத் தேவைப்படுகிறதோ அதுதான் உங்கள் அளவு. ஆக்சிலேட்டருக்கும் இதேபோல் செய்யுங்கள். சோக் லீவர் ஹேண்டில்பாரில் இருக்கும் வண்டியில் அதன் கேபிளையும் மறக்காதீர்கள். பிரேக் ஹோஸை அளக்கும்போது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அளக்க வேண்டும். சக்கரம் தூக்கும்போது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) நீளும், ஹோஸ் அதற்கும் எட்ட வேண்டும். எனக்கு 4 அங்குல உயரத்துக்குக் கேபிள் 5 அங்குலம் கூடுதலாகத் தேவைப்பட்டது, ஏனென்றால் புதிய பார் பின்பக்கமாகவும் வளைந்து வருகிறது.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டைப் பக்கம் விசாரித்தால் அளவு கொடுத்துக் கேபிள் செய்துகொள்ள வழி கிடைக்கும். வெளியுறை 5 அங்குலம் கூடினால் உள்கம்பியும் அதே 5 அங்குலம்தான் கூட வேண்டும். உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நீளம் பழைய கேபிளில் எவ்வளவோ, புதியதிலும் அவ்வளவே. பழைய கேபிளைக் கையோடு எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். என் முதல் கிளட்ச் கேபிளில் இந்த அளவு தவறியது. அட்ஜஸ்டரைக் கடைசிவரை திருகியும் கிளட்ச் முழுதாக விடவில்லை. மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

பிரேக் ஹோஸில் ஒட்டுப்போடும் பேச்சே கூடாது. நீளமான ஹோஸ், முனைகளைத் தொழிற்சாலையில் அழுத்திப் பொருத்தியதாக வாங்குங்கள். இரு முனையிலும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. உங்கள் வண்டிக்குரிய பிரேக் ஆயில் டாட் 4 தரம் என்றால் அதையே, சீல் உடைக்காத டப்பாவாக எடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஹோஸ் மாற்றும்போது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற என் தம்பி பிரேக் லீவரைப் பிடித்தான். சக்கரத்தில் உள்ள டிஸ்க்கைக் கவ்வும் காலிபரின் நிப்பிளில் (காற்றைத் திறந்துவிடும் சிறு திருகு) உள்ளே தெரியும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் இருக்கும் பாட்டிலில் மூழ்க வைத்தேன். அவன் அழுத்திப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூட, பிறகு அவன் லீவரை விட, இப்படியே. முதலில் நுரைநுரையாக வந்தது. அடுத்துக் கடுகளவு குமிழிகள். போதும் என்று தோன்றும் நேரத்தில் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து போல்ட்டை ஸ்பானர் கைப்பிடியால் மெல்லத் தட்டினேன். அங்கே ஒட்டிக்கொண்டிருந்த காற்று ஒரு பெரிய குமிழியாக மாஸ்டர் சிலிண்டர் கிண்ணத்தில் எழுந்தது. அதன் பிறகுதான் லீவர் கல்போல் கெட்டியாயிற்று. உயரமான பாரில் காற்று மேலே தங்குவது சகஜம். கிண்ணத்தில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கிண்ணம் சாயாமல் மட்டமாக நிற்கும்படி பொருத்துவதும் முக்கியம்.

சுவிட்ச் ஒயர்களை நான் வெட்டவில்லை. ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் கப்ளர்களுக்கு (ஒயர்களைச் சொருகி இணைக்கும் முனைகள்) நடுவே, அதே தடிமனில் இணைப்பு ஒயர் செய்து சொருகினேன். நாளைக்குப் பழைய பாருக்குத் திரும்ப நினைத்தாலும் வண்டி சேதமில்லாமல் இருக்கும். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு முளை இருக்கும், அது பாரிலுள்ள துளையில் உட்கார வேண்டும். புதிய பாரில் துளை இல்லையென்று முளையை வெட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள், ஆக்சிலேட்டர் பெட்டியே சுற்ற ஆரம்பித்துவிடும். வண்டியில் உட்கார்ந்து, கை நேராக லீவரில் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, முளையின் அளவுக்கே துளை போடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு தெருவுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், பாரை இரு கோடிக்கும் மெல்லத் திருப்புங்கள். நான் இடது கோடிக்குத் திருப்பியபோது இன்ஜின் தானாகச் சத்தம் கூட்டியது. எனக்கு வயிறு சில்லென்றது. அப்படியே ஒரு சந்தில் இடது பக்கம் வளைத்திருந்தால் வண்டி என்னை இழுத்துக்கொண்டு சுவரில் போயிருக்கும். காரணம், கேபிளை ஃபோர்க்கின் வெளிப்புறமாக விட்டிருந்தேன். உட்புறமாக மாற்றியதும் சரியாயிற்று. இடது பக்கம் திருப்பினால் ஆக்சிலேட்டர் கேபிளும், வலது பக்கம் திருப்பினால் கிளட்ச் கேபிளும் இழுபடும். இரண்டையும் பாருங்கள். ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுத்தால் அது பட்டென்று திரும்ப வேண்டும்.

ஏபிஎஸ் வண்டி என்றால் ஹோஸ் வேலையை மட்டும் பணிமனையில் கொடுங்கள். ஏபிஎஸ் அலகுக்குள் காற்று புகுந்துவிட்டால், கணினிக் கருவியை இணைத்துத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, வண்டியின் பதிவு விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. ஹேண்டில்பார் அதில் வருமா என்று உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலில் எழுத்தில் கேளுங்கள். பழைய பாரைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

முதல் நீண்ட பயணம் திருவண்ணாமலைக்குப் போனேன். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டை மலை தெரியும் இடத்தில் நிறுத்தினேன். தோளில் வலி இல்லை. சட்டைப்பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துக் கிளாம்பின் நான்கு போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கால் சுற்று இறங்கியது.