உப்பிய வயிறோடு திடலுக்குப் போகாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 24 வயது வாசகர்: "டாக்டர், எனக்குப் பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய் 2 வருடமாக இருக்கிறது. நன்றாக இருந்ததால், யூடியூப் பார்த்து 3 மாதத்துக்கு முன் அதற்கான மெசலசின் மாத்திரையை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு 7, 8 தடவை ரத்தத்தோடு போகிறது. மான்செஸ்டர் யுனைடெட் பந்து வீரர் டேரன் ஃபிளெட்சர் இதே நோயோடு விளையாடினாரே என்று வலி மாத்திரையும் வயிற்றோட்ட மாத்திரையும் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறேன். கோச்சுக்குத் தெரியாது. மிளகாய்தான் காரணமா? புற்றுநோய் வருமா? பந்து விளையாட முடியாமல் போய்விடுமா?"

தம்பி, விளையாடலாம். ஆனால் இன்றைக்கு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடி நிமிடத்துக்கு 90ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேல் ஏறினாலோ, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழே இறங்கினாலோ, படுக்கையில் சேர்த்து ஊசிவழி ஸ்டீராய்டு கொடுக்க வேண்டிய நிலை அது. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 90க்குள் இருந்தாலும் போகத்தான் வேண்டும். ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வீட்டில் தெரியாது. வயிறு உப்பி வலிக்கும்போது போவது திடீரென்று குறைந்தால், குணமாகிறது என்று நினைக்காதீர்கள். குடல் செயலிழந்து வீங்குகிறது, கிழியவும் கூடும். அப்போது தோட்டத்துக் கிளினிக்கில் காத்திருக்காமல் நேராக ஈப்போ எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அந்த வயிற்றோட்ட மாத்திரை செய்வதும் இதைத்தான்: புண்ணான குடலின் அசைவை அடக்கி வீக்கத்துக்கு வழிவிடுகிறது. உடனே நிறுத்துங்கள். பொன்ஸ்தான், வோல்டரன் வகை வலி மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடும். முட்டி வலித்தால் பனடோல் போதும். போட்ட மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் எடுத்துப் போங்கள், எதையும் மறைக்காதீர்கள். கிருமித் தொற்றும் இதே போல ரத்தமாகப் போக வைக்கும், அதனால் மலப் பரிசோதனை கேட்பார்கள்.

மெசலசின் நன்றாக இருக்கும்போதும் சாப்பிட வேண்டிய மருந்து. நன்றாக இருந்ததே அதனால்தான். வீடியோவில் பேசியவர் உங்கள் குடலுக்குள் பார்த்தவர் இல்லை. வருடம் ஒரு தடவை சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தொடரலாம். இப்போது நீங்களாக மறுபடி தொடங்க வேண்டாம்.

மிளகாய் இந்த நோயைக் கொண்டுவரவில்லை. எரிச்சல் இருக்கும்வரை குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். புற்றுநோய்க் கண்காணிப்புக்கான கொலனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் குடலுக்குள் பார்ப்பது), முதல் அறிகுறி தொடங்கி சுமார் 8 வருடத்தில் ஆரம்பிக்கும். இப்போது அந்தக் கவலை வேண்டாம்.

ஃபிளெட்சரும் உங்களைப் போல நோயைச் சக ஆட்டக்காரர்களிடம் மறைத்தவர்தான். 2011 டிசம்பரில் ஆட்டத்தை நிறுத்தினார், 2012 கடைசியில் கொஞ்ச நாள் ஆடிப் பார்த்தார், 2013 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அந்த வருடக் கடைசியில் திரும்பினார். படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1992இல் இந்நோய் தெரிந்தது. 1996இலும் 2000இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். நீங்கள் ஃபிளெட்சரின் ஓட்டத்தை மட்டும் பார்த்தீர்கள், அவர் ஆடாமல் நின்ற மாதங்களைப் பார்க்கவில்லை.

ரத்தம் நின்று, ஹீமோகுளோபின் ஏறிய பிறகு 20 நிமிட நடையில் தொடங்குங்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாமல், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டுமா என்று கேளுங்கள். கோச்சிடம் ஒரே விஷயம் சொன்னால் போதும்: "குடல் நோய் இருக்கிறது, ஆட்ட நடுவில் சைகை காட்டினால் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள்." திடலுக்குப் பக்கத்தில் கழிவறை எங்கே என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.