‘பார்க்கலாம்’ என்று சொன்னதில் வந்த சண்டை

கேள்வி: புதிய பில்லிங் மென்பொருள் ப்ராஜெக்ட்டுக்கு நான் மேனேஜர். பயன்பாட்டுக்கு வர இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. தள்ளுபடியை விற்பனைப் பிரதிநிதியே பில்லில் போடும் வசதி வேண்டும் என்கிறார் விற்பனைத் தலைவர். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் தன் ஒப்புதல் வேண்டும் என்கிறார் நிதித் தலைவர். இருவரிடமும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவைத்தேன். இப்போது 14 பேர் சிசியில் இருக்கும் மெயிலில் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். குற்றம் சொல்வது மட்டும் என்னை. யார் பக்கம் பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: யார் பக்கமும் பேசாதீர்கள். இந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ப்ராஜெக்ட்டுக்குப் பணம் ஒதுக்கிய ஸ்பான்சரிடம்தான் இருக்கிறது. எந்த வழிக்கு எத்தனை நாள் பிடிக்கும், அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று கணக்கோடு எடுத்துவைத்து, அவரை முடிவெடுக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

அதற்கு முன்னால் அந்தப் ‘பார்க்கலாம்’. நேரம் கிடைக்கட்டும் என்று நீங்கள் சொன்னது, இருவர் காதிலும் ‘சரி’ என்று விழுந்திருக்கிறது. நாளைக் காலையே இருவரிடமும் தனித்தனியாக நேரில் பேசுங்கள். “அன்னைக்குப் பார்க்கலாம்னு சொன்னதைச் சம்மதம்னு எடுத்திருந்தீங்கன்னா அது என் தப்பு. இன்னும் எதுவும் முடிவாகல. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா வழிக்கும் நாள் கணக்குப் போட்டுக் கொண்டுவரேன்.” சங்கடமான இரண்டு நிமிடம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்த மீட்டிங்குக்குப் போனால், அங்கே பேச்சு தள்ளுபடியைப் பற்றி இருக்காது, நீங்கள் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதைப் பற்றியே இருக்கும்.

மெயில் சண்டையை உடனே நிறுத்துங்கள். 14 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேசும் வழிகள் 91 (14 × 13 ÷ 2). நான்கு பேரென்றால் ஆறுதான். அதோடு, 14 பேர் பார்க்க எந்தத் துறைத் தலைவரும் இறங்கிவர மாட்டார். “இதை நேரில் பேசி, முடிவை எல்லோருக்கும் தெரிவிக்கிறேன்” என்று ஒற்றை வரி போட்டு அந்த மெயிலை முடியுங்கள். வாதத்துக்கு எதிர்வாதம் எழுத வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். ‘என்ன வேண்டும்’ என்று திரும்பவும் கேட்டால் பழைய பதிலே வரும். “இந்த வசதி இல்லேன்னா எந்த இடத்துல வேலை நிக்குது? கடைசியா அப்படி நடந்தப்போ என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். வாடிக்கையாளர் போனில் காத்திருக்கும்போது ஒப்புதலுக்கு இரண்டு நாள் ஆகிறது என்று விற்பனைத் தலைவர் சொல்லக்கூடும். மாதக் கடைசியில் யார் எதற்குத் தள்ளுபடி கொடுத்தார் என்று தெரியாமல் கணக்கு இடிக்கிறது என்று நிதித் தலைவர் சொல்லக்கூடும். ஒருவருக்குத் தேவை வேகம், இன்னொருவருக்குத் தேவை வரம்பும் பதிவும் என்றால் இரண்டும் ஒரே மென்பொருளில் தாராளமாக இருக்கலாம். அவர்கள் கேட்ட வசதிகள்தான் மோதுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலாண்மை ஆய்வாளர்கள் கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் இருவரும் 1974-இல் மோதலைக் கையாளும் முறைகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: அடித்துப் பேசுவது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்குவது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, சேர்ந்து வழி தேடுவது. அவசரத்தில் கை நேராகப் பாதிப் பாதிக்குப் போகும். ‘பாதி பில்லுக்கு ஒப்புதல், பாதிக்கு இல்லை’ என்றால் வேகமும் வராது, கணக்கும் சரியாகாது. அதேசமயம், நிதித் தலைவரின் நிபந்தனை சட்டத்திலிருந்தோ தணிக்கை விதியிலிருந்தோ வருகிறது என்றால் அங்கே பேரமே கிடையாது. அதை முதல் நாளே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒரு பக்கத்தாள். இதில் உழைப்பைப் போடுங்கள், ஏனென்றால் முடிவு இந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்கப்படும். மேலே ஒற்றை வரியில் கேள்வி. கீழே மூன்று வழிகள். உதாரணத்துக்கு: அ) குறிப்பிட்ட சதவீதம் வரை பிரதிநிதியே போடலாம், அதற்கு மேல் போனால் நிதிப் பிரிவுக்குப் போகும், நான்கு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அடுத்த அதிகாரிக்குப் போகும் – ஆறு நாள் வேலை. ஆ) எல்லாவற்றுக்கும் ஒப்புதல் – 15 நாள் வேலை, தேதி இரண்டு வாரம் தள்ளும். இ) முதல் வெளியீட்டில் இப்போதுள்ள முறையே – கூடுதல் வேலை இல்லை, இரு தரப்பின் குறையும் அப்படியே நிற்கும். நாள் கணக்கை, மென்பொருளை எழுதப்போகும் டெவலப்பரிடமும் அதைச் சோதிக்கப்போகும் டெஸ்டரிடமும் கேட்டுப் போடுங்கள். நீங்களாகப் போட்ட எண்ணை ஒருவர் கேள்வி கேட்டால் தாள் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். வரம்பு எத்தனை சதவீதம் என்ற இடத்தைக் காலியாகவே விடுங்கள். அதை அவர்கள் இருவரும் பேசி நிரப்பினால்தான் பின்னால் கட்டிக்காப்பார்கள்.

தாளை முடிக்குமுன் பில் போடும் ஊழியர்கள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். அதிகாரம் குறைவு, பாதிப்பு அதிகம் என்ற இந்த வகை ஸ்டேக்ஹோல்டர்களைத்தான் (ப்ராஜெக்ட்டால் பாதிக்கப்படுகிறவர்களை) பலரும் மறந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் காத்திருக்க முடியுமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முடியாது என்றால் அ வழியே மாறிவிடும்.

மீட்டிங்குக்கு நான்கே பேர்: இரு தலைவர்கள், ஸ்பான்சர், நீங்கள். 45 நிமிடம். தாளை முந்தைய நாளே மூவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுங்கள். ஸ்பான்சரை அழைக்கிறீர்கள் என்பதும் இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது கோள் மூட்டியதாகிவிடும். அன்று முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாகத் தாளைப் படிக்கட்டும். குரல் உயர்ந்தால், “மேடம், மாசக் கணக்கு இடிக்கிறதுதான் உங்க கவலை. சார், கஸ்டமர் காத்திருக்கிறது உங்க கவலை. நான் சரியா சொல்றேனா?” என்று கேட்டு, அந்த இரண்டையும் பலகையில் எழுதிப்போடுங்கள். தான் சொன்னதை ஒருவர் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகு யாரும் அதே விஷயத்தைக் கத்திச் சொல்வதில்லை.

முடிவானதும் அன்றே எழுதி அனுப்புங்கள்: தேதி, முடிவு, எடுத்தவர், கைவிட்ட வழிகள், ஏன், தேதியிலும் செலவிலும் என்ன மாறுகிறது. ‘பதில் வராவிட்டால் சம்மதம்’ என்று போடாதீர்கள். இரு தலைவர்களிடமிருந்தும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பதில் மெயில் வந்தே ஆக வேண்டும். ஐந்து வேலை நாளில் முடிவே வரவில்லை என்றால், வார அறிக்கையில் ‘எல்லாம் சரி’ என்ற பச்சையை எடுத்துவிட்டு, ‘சிக்கல் வரலாம்’ என்ற மஞ்சள் போடுங்கள். கடைசி வாரம் வரை மேலே பச்சையும் உள்ளே சிவப்புமாக இருக்கும் தர்பூசணி அறிக்கையால் ஸ்பான்சரின் நம்பிக்கை போனால் திரும்ப வராது.

மறுநாள், யார் கேட்டது கிடைக்கவில்லையோ அவரிடம் போங்கள். அ வழி முடிவானால் அது நிதித் தலைவர். சோதனை ஆரம்பித்த முதல் வாரமே, வரம்பைத் தாண்டிய தள்ளுபடிகளின் பட்டியல் எப்படி வரும் என்று திரையில் போட்டுக் காட்டி, எந்த விவரம் குறைகிறது என்று கேட்டு வாங்குங்கள். எட்டாவது வாரம், மென்பொருளை ஏற்கிறேன் என்ற சைன்-ஆஃப் கையெழுத்துக்கு நீங்கள் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.