ஒரே குரோமிய எஃகு: பாலிஷ் செய்த துண்டில் செதில் தடிமன், உப்புத்தாள் தேய்த்ததில் மெல்லிசு. ஏன்?

12 சதவீதம் குரோமியம் உள்ள இரும்புக் கலவையை 600 டிகிரி செல்சியஸில், ஈரக் காற்றில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். மின்பாலிஷ் செய்த (மின்சாரத்தால் மேற்புறத்தைக் கரைத்துப் பளபளப்பாக்கிய) துண்டில் கருஞ்செதில், அதாவது ஆக்சைடுப் படலம், தடிமனாக ஏறியிருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்த துண்டு லேசாக நிறம் மாறியதோடு சரி. துண்டுகள் இடம் மாறிவிட்டனவோ என்று கேட்கிறீர்கள். மாறியிருக்காது. உலையோடும் தராசோடும் சில காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது இப்படித்தான் வரும்.

சூடேறிய முதல் சில நிமிடங்களில்தான் விஷயம் முடிவாகிறது. ஆக்சிஜனோடு சேர இரும்பைவிடக் குரோமியத்துக்கு நாட்டம் மிக அதிகம். ஆனால் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் இரண்டுக்குமே தாராளம். மேற்பரப்பு அணுக்களில் எட்டில் ஏழு இரும்பு. அதனால் தொடக்கத்தில் இரண்டும் ஒருசேர ஆக்சைடாகின்றன. குரோமியாவைவிட (குரோமியம் ஆக்சைடு) இரும்பு ஆக்சைடு ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வளரும் என்பதால், குரோமியா கண்விழிப்பதற்குள் இரும்பு மேலே படர்ந்துவிடுகிறது.

இந்த நேரத்தில் அடியில் குரோமியா ஆங்காங்கே முளைவிடும், பெரும்பாலும் உலோகத்தின் நுண்ணிய படிகமணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில். காரணம், மணியின் உள்ளே ஊர்ந்து வருவதைவிட எல்லை வழியாகக் குரோமியம் வெகு விரைவாக மேலே வந்து சேரும். இந்த முளைகள் பக்கவாட்டில் பரவி ஒன்றோடொன்று கைகோத்துவிட்டால், மேலே இருக்கும் இரும்பு ஆக்சைடுக்கு வரத்து நின்றுபோகும். அதற்குப் பிறகு செதில் வளர்வது கண்ணுக்கே தெரியாது. கைகோக்கும் முன்பே மேற்பரப்பை ஒட்டிய குரோமியம் தீர்ந்துவிட்டால் ஆட்டம் கைமாறிவிடும். வெளியே மேக்னடைட், ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடுகள். உள்ளே இரும்பும் குரோமியமும் கலந்த ஸ்பைனல் ஆக்சைடு. இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே உள்ள கோடு, பெரும்பாலும், உலோகத்தின் பழைய மேற்பரப்பு இருந்த இடம். துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள், தெரியும்.

ஆக, கேள்வி ஒன்றுதான்: குரோமியம் மேலே வந்து சேரும் வேகம் போதுமா? உப்புத்தாள் செய்கிற உதவி இங்கேதான். தேய்க்கும்போது மேற்புறத்தில் சில மைக்ரான் ஆழத்துக்கு உலோகம் நசுங்குகிறது. இடப்பெயர்வுகள் (அணு வரிசை பிசகிய கோடுகள்) நெருக்கமாகின்றன, சூடேறும்போது அதே அடுக்கு மிக நுண்ணிய மணிகளாக மாறவும் செய்யும். குரோமியத்துக்கு அத்தனையும் குறுக்குவழி. மின்பாலிஷ் இந்த நசுங்கிய அடுக்கை முழுதாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. பளபளப்பாக இருந்தால் நல்ல மேற்பரப்பு என்ற எண்ணம் அறை வெப்பத்து அரிப்புக்குப் பொருந்தலாம், உலைக்குள் பொருந்தாது. அனல்மின் நிலையங்களில் 18-8 வகைத் (சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்) துருப்பிடிக்காத எஃகுக் கொதிகலன் குழாய்களின் உட்புறத்தைச் சிறு குண்டுகளால் அடித்து நசுக்குவதும், அதே குடும்பத்தில் நுண்மணி கொண்ட 347 ரகத்தை வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே தடித்த செதில் உரிந்தால் குழாய் அடைபடும், டர்பைன் பிளேடு தேயும்.

ஈரத்தையும் மறக்க வேண்டாம். உலர்ந்த காற்றில் செய்திருந்தால் உங்கள் இரண்டு துண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. நீராவி இருக்கும்போது குரோமியம் ஆவியாகும் சேர்மமாகவும் வெளியேறும். படலத்தைக் கட்டிக் காக்க இன்னும் கூடுதல் வரத்து தேவைப்படும்.

அப்புறம், நேரத்தோடு துண்டின் எடை கூடுவதைக் காட்டும் வரைபடம். கார்ல் வாக்னர் 1933-இல் விளக்கிய பரவளைய விதியைச் (படலத் தடிமனின் இருமடி நேரத்தோடு சீராகக் கூடும் என்பது) சுழியிலிருந்தே பொருத்தி வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அந்த விதி, தொடர்ச்சியான படலம் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. ஒரு மைக்ரான் குரோமியாவுக்கே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.16 மில்லிகிராம்தான் எடை கூடும். 50 நானோமீட்டர் என்றால் 8 மைக்ரோகிராம், அதனால் தொடக்கத்தில் நடப்பதை எடையில் பிடிப்பது கடினம். போதாக்குறைக்கு, உலையைச் சூடேற்றும் நேரத்திலேயே பாதிக் கதை முடிந்திருக்கும். சூடேற்றிய வேகத்தைக் குறித்து வைக்காத சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

தேய்ப்பது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 2 சதவீதம் மாதிரிக் குறைந்த குரோமியம் என்றால் எவ்வளவு நசுக்கினாலும் வரத்து போதாது. 1000 டிகிரி பக்கம் போனால் நசுங்கிய அடுக்கு சீக்கிரமே புதிய மணிகளாக மறுபடிகமாகி, அந்த மணிகளும் பெரிதாகிவிடும். அந்த வெப்பத்தில் மணிக்குள்ளேயே குரோமியம் வேகமாக ஊடுருவும் என்பதால் வித்தியாசமும் மங்கிவிடும்.

நேரம் இருந்தால் மூன்றாவதாக ஒரு துண்டை எடுத்து மின்பாலிஷ் செய்யுங்கள். இரும்பு ஆக்சைடாக முடியாத அளவுக்கு ஆக்சிஜன் குறைந்த ஹைட்ரஜன் சூழலில் முதலில் சூடாக்குங்கள், பிறகு ஈரக் காற்றுக்கு மாற்றுங்கள். போட்டிக்கு இரும்பே இல்லாமல் குரோமியா படர்ந்த பிறகு, அதே பாலிஷ் துண்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கலாம்.