கலர் ரன்னும் ஹோலியும்

கேள்வி: அமெரிக்காவில் என் பேத்தி படிக்கும் பள்ளியில், நிதி திரட்ட 'கலர் ரன்' வைத்தார்கள், ஓடுகிறவர்கள் மேல் வண்ணப் பொடி தூவும் ஓட்டம். வெள்ளைச் சட்டையோடு போனவள் கிளிப்பச்சையும் ஊதாவுமாகத் திரும்பினாளாம். "இது ஹோலிதானே?" என்று அவள் கேட்டதற்கு டீச்சருக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் ஹோலிதானா? அந்தப் பொடியால் கெடுதல் வருமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் பேத்தி கெட்டிக்காரி. இந்த ஓட்டத்தைப் பெரிய வியாபாரமாக்கியவர் டிராவிஸ் ஸ்னைடர் என்ற அமெரிக்கர். 2012 ஜனவரியில் அரிசோனாவில் முதல் ஓட்டம். தூரம் 5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு நிறம். எங்கிருந்து யோசனை வந்தது என்று சொல்லும்போது அவருடைய நிறுவனமே ஹோலியையும் சேர்த்துத்தான் சொன்னது. அதற்கு முன்பே யூட்டா மாநிலத்து ஸ்பானிஷ் ஃபோர்க் கிருஷ்ணன் கோயிலில் ஹோலிக்குக் கூட்டம் அலைமோதும். வருகிறவர்களில் பெரும்பாலோர் மார்மன் கிறிஸ்தவ மாணவர்கள்! பள்ளிகள் பிடித்துக்கொண்டதெல்லாம் அப்புறம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஹோலியில் நிறத்துக்குப் பயந்து ஓடுவார்கள். இங்கே காசு கட்டி நிறத்துக்குள் ஓடுகிறார்கள். சௌகார்பேட்டையில் நான் குடியிருந்தபோது எதிர்வீட்டு மார்வாடி அம்மா, மாசி அல்லது பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் அந்தக் காலையில் கதவைத் தட்டி, கன்னத்தில் குலால் என்ற வண்ணப் பொடியைத் தடவிவிட்டுத்தான் இனிப்புத் தட்டை நீட்டுவார். முதல் நாள் இரவு ஹோலிகா என்ற அரக்கியை எரிப்பதாக மூட்டிய நெருப்பின் சாம்பல் தெருமுனையில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும். பிரகலாதன் கதை, ராதை கண்ணன் விளையாட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். கலர் ரன்னில் கதையும் இல்லை, கையால் பூசுவதும் இல்லை. தன்னார்வலர்கள் சாஸ் பாட்டில் மாதிரி ஒன்றை அமுக்கிப் பொடியைப் பீய்ச்சுகிறார்கள். குழந்தைகளுக்குச் சந்தோஷம்தான், குறை சொல்ல மாட்டேன். ஓட்டத்துக்கு முன் மைக்கில் ஹோலியைப் பற்றி இரண்டு வரி சொன்னால் குறைந்தா போய்விடும்?

பொடி பெரும்பாலும் சோளமாவும் உணவு நிறமியும். பொதுவாகத் தோலுக்குப் பயமில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் ஒதுங்கி நிற்கட்டும். மற்றவர்களுக்குக் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். நெருப்புதான் ஆபத்து. 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப் பூங்கா விழாவில் காற்றில் பறந்த வண்ணப் பொடி தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள். சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

பேத்தி வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள்: ஓடுவதற்கு முன் தலையில் தேங்காய் எண்ணெய். வந்ததும் சட்டையை வாசலிலேயே உதறட்டும். உதறாமல் நனைத்தால் நிறம் துணியில் ஊறிவிடும்.