எட்டு சிம்மும் வாடிய கத்தரியும்

கேள்வி: செங்குன்றம் அருகே இரண்டு ஏக்கர் கத்தரிக்குச் சொட்டுநீர் அமைத்து, எட்டு இடங்களில் மண் ஈர சென்சார் பதித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி சிம் உண்டு. அளவுகள் டீலரின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் மோட்டாருக்குக் கட்டளை வரும். சென்ற வாரம் மூன்று சென்சார்கள் நின்றுபோயின; மோட்டார் ஓடவில்லை, செடிகள் வாடிவிட்டன. சிக்னல் போதவில்லை, புதிய மாடல் வாங்குங்கள் என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மோட்டாரைக் கையால் இயக்கி நீர் கொடுங்கள். அதன் பிறகும் நிமிராத செடியின் தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். பால்போல் கசிந்தால் அது தாகமன்று, பாக்டீரியா வாடல்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மோட்டாரை ஓட்டும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதே. பாத்திக்கும் கிணற்றடிக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். சென்சாரின் அளவு எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பும்வரை செடி காத்திருக்க வேண்டும் என்பது பயிருக்காகச் செய்த அமைப்பு அன்று, மாதச் சந்தாவுக்காகச் செய்தது. இதை விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

முடிவு மோட்டார் கொட்டகையிலேயே இருக்கட்டும். சென்சார்கள் லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் கம்பியில்லாத் தொடர்பு) வழியாகக் கொட்டகையில் உள்ள ஒரே கேட்வேயுடன், அதாவது எல்லா அளவுகளையும் வாங்கிக்கொள்ளும் பெட்டியுடன், பேசினால் போதும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை, அரை மணிக்கு ஒருமுறை சில பைட்டுகள் மட்டுமே அனுப்புவதால் பேட்டரியும் நெடுநாள் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபையையும் ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோவையும் அடர்ந்த இலையின் ஈரம் விழுங்கிவிடும். ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே உயர்த்துங்கள், கேட்வேக்கு பேட்டரி துணை கொடுங்கள்.

கொட்டகைக்குள் செய்தியைப் பகிர எம்.க்யூ.டி.டி. (கருவிகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறும் வழி) முறையே போதும். பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999-இல் உருவான முறை அது. அறுந்து அறுந்து வரும் இணைப்பை எதிர்பார்த்தே செய்தது. சென்சார் அளவை ஒரு தலைப்பில் அனுப்பும். மோட்டார் பெட்டி, உங்கள் கைபேசி என யாருக்கு வேண்டுமோ அவர்கள் அதே தலைப்பைக் கேட்டுக்கொள்ளலாம். இணையம் கைபேசிக்கு மட்டும் தேவை. அது அறுந்தாலும் தண்ணீர் பாயும். இரண்டு மணி நேரம் ஒரு சென்சார் பேசாவிட்டால் அந்தப் பாத்திக்கு நேரக் கணக்கில் நீர் விடும்படி மோட்டார் பெட்டியில் கட்டாயம் விதி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் சர்வரை மூடினால் இது ஓடுமா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்; எழுதித் தராதவரிடம் எதையும் வாங்க வேண்டாம். மண்ணில் உள்ள குச்சிகள் ஆர்.எஸ்.485 (கம்பி வழியே அளவை அனுப்பும் பொதுவான இணைப்பு முறை) வகையாக இருந்தால் அவற்றை அப்படியே லோரா பெட்டிகளில் பொருத்திவிடலாம். மாற வேண்டியவை சிம் பெட்டிகள் மட்டுமே.