டின் உணவில் கலக்கும் பிபிஏ என்பது என்ன? எப்படித் தவிர்ப்பது?

பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறும் என்றுதானே உள்ளே ஈயம் பூசுகிறோம்? உணவு டின்னுக்குள்ளும் அப்படி ஒரு பூச்சு உண்டு, பெரும்பாலும் எப்பாக்சி என்ற பிசின். அதைத் தயாரிக்க உதவும் பிஸ்பினால் ஏ, அதாவது பிபிஏ, உணவில் சிறிதளவு கசியும். உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல நடிப்பதுதான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொதிகளில் இதற்கு 2024 டிசம்பரில் தடை விதித்தது.

மூடிய டின்னை ஆலையில் சுமார் 120 டிகிரியில் சூடாக்கும்போதே, உணவில் சேரும் பிபிஏயின் பெரும்பகுதி கசிந்துவிடும். குளிருக்குச் சூடாகச் சாப்பிடலாம் என்று டின்னோடு அடுப்பில் வைப்பது கூடவே கூடாது. டின் உணவுக்குப் பதில் புதிதாக வாங்குவதே நல்லது; ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்ச் சந்தையில் பட்டாணியும் காளானும் புதிதாகவே கிடைக்கின்றன. உரித்த பட்டாணியை 2 நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, ஈரம் துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஈரம் இருந்தால் கட்டியாகும்.

‘பிபிஏ இல்லை’ என்று அச்சிட்டிருந்தால் கவலையே இல்லை என்பது தவறு. பதிலுக்கு அதே குடும்பத்து பிஸ்பினால் எஸ் (பிபிஎஸ்) இருக்கலாம்.